டர்பனில் ஆடிப்பட்டம் எப்போது?

கேள்வி இதுதான். திருச்சியிலிருந்து வந்து டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவான புல்தரை. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று ஜூலை கடைசியில் வெண்டை, கத்திரி, அவரை மூன்றையும் விதைத்தீர்கள். வெண்டை பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததும் இரண்டு இலையோடு மஞ்சளாக நிற்கிறது. மண் கெட்ட மண்ணா, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது, குரங்குகளை என்ன செய்வது, ஊரிலிருந்து விதை வரவழைக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் உங்கள் அக்காவுக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள்.

மண்ணைக் குறை சொல்ல வேண்டாம், மாதம்தான் தப்பு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வந்துவிட்டோம். இங்கே ஆடி என்றால் குளிர்காலம். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாட்களில் நாமே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறோம். ஜூலை இரவுகளில் வெப்பம் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். வெண்டை விதைக்கு மண்ணே 16 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அசைவு வரும். 25 டிகிரி தாண்டினால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் விதை ஊறி அழுகிப் போயிருக்கும். மஞ்சளாக நிற்பவற்றைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப விதையுங்கள். குளிரில் முடங்கிய வெண்டைச் செடியை, புதிதாக வெயிலில் முளைத்த செடி தாண்டிப் போய்விடும்.

இங்கே சிலர் சுலபமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஊர் மாதத்தோடு ஆறு மாதம் கூட்டிக்கொள், ஆடிக்குப் பதில் தை. அது பாதிதான் சரி. தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர்காலம் என்று சொல்லும்படி ஒன்று கிடையாது. பட்டங்கள் எல்லாம் மழையை வைத்து, அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்து அமைந்தவை. டர்பனில் மழையும் வெயிலும் சேர்ந்தே வரும். அக்டோபர் முதல் மார்ச் வரை சூடு, புழுக்கம், மழை. மே முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த, இதமான குளிர். கடலோரத்தில் உறைபனி விழாது. அதனால் உங்களுக்கு இரண்டு தோட்டங்கள் கிடைக்கின்றன. கோடையில் நம் ஊர்க் காய்கள், குளிர்காலத்தில் மலைக்காய்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், பட்டாணி எல்லாம் ஏப்ரலில் நட்டால் கொல்லையிலேயே வரும். திருச்சியும் ஊட்டியும் ஒரே இடத்தில் மாறி மாறி வந்து குடியிருப்பதுபோலத்தான்.

இப்போது செப்டம்பர் தொடக்கம். இந்த மாதம் முழுக்கப் பாத்தி தயாரிப்பதில் போகட்டும். கத்திரி, மிளகாய் இரண்டையும் தட்டில் நாற்று விட்டு, வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். செப்டம்பர் கடைசியில் பூசணி, சுரை, கொத்தவரை. அக்டோபரில் வெண்டை, பாகல், பீர்க்கு, புடல், காராமணி, தண்டுக்கீரை. வெண்டையை ஒரேயடியாகப் போடாமல் மூன்று வாரத்துக்கு ஒரு வரிசை என்று ஜனவரி வரை போடலாம். கொத்தமல்லியைக் கோடையில் போடாதீர்கள், சீக்கிரமே பூவெடுத்துவிடும். அதுவும் வெந்தயக்கீரையும் ஏப்ரலுக்குப் பிறகுதான் நிற்கும்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் நடுவது அதைத்தான். டர்பன் கோடையின் புழுக்கத்தில் தக்காளிக்கு இலைக்கருகலும் பழ ஈயும் விடாது. மார்ச்சில் நாற்று நட்டு, குளிர்காலம் முழுக்கப் பறிப்பதுதான் கடலோரத்துக்கு ஏற்றது. கோடையில் வேண்டுமென்றால் செர்ரித் தக்காளி மட்டும் போடுங்கள். அதற்குத் தாங்கும் சக்தி அதிகம்.

அவரைக்கு மட்டும் அந்த ஆறு மாதக் கணக்கு அச்சாகப் பொருந்தும். பழைய கொடி அவரை, மொச்சை ரகங்கள் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். டர்பனில் டிசம்பர் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம், ஜூன் பகல் 10 மணி நேரத்துக்குச் சற்று மேல். நம் ஊரில் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. இப்போது அவரை போட்டால் பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்து, ஏப்ரல் வரை பூவே காட்டாது. பொங்கல் முடிந்த கையோடு போடுங்கள். வைகாசியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். நடுவில் பந்தலை மூன்று மாதம் பாகலுக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது வெயில். ஊரில் உச்சிவெயில் தலைக்கு மேல் இருக்கும்; திசையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. டர்பனில் நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்குப் பக்கம்தான். ஜூனில் அது 37 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. வீட்டின் தெற்குச் சுவர் ஓரமாகப் பாத்தி போட்டால் கோடையில் ஓரளவு வெளிச்சம் இருக்கும். மே வந்தால் முழு நிழல். பின்பக்கப் புல்தரை வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தெற்கே இருந்தால் வீட்டின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று அளந்து, அதைத் தாண்டிப் பாத்தி போடுங்கள். பந்தல், சோளம், மரவள்ளி மாதிரி உயரமானவை பாத்தியின் தெற்கு ஓரத்துக்குப் போக வேண்டும். வடக்கே வைத்தால் பின்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிழல்.

சரிவு என்றீர்கள். டர்பனில் சமதரை கிடைத்தவர் பாக்கியசாலி. உங்கள் பகுதிக்குக் கீழே உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளி இருக்கிறதே, ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்த நம்மவர்கள் பலர் அங்கேதான் நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்தை விட்டதும் கையில் எடுத்த தொழில் அது. ஆற்றங்கரை வண்டல் அருமையான மண், ஆனால் 1917 அக்டோபர் வெள்ளம் அந்தக் குடியிருப்பையே அடித்துக்கொண்டு போனது. படவட்டன் என்பவரும் அவரோடு சேர்ந்த மீனவர்களும் படகை எடுத்துக்கொண்டு போய் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கரை சேர்த்த கதையை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் பெய்த மழையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பல வீடுகளின் பின்பக்கம் அப்படியே சரிந்தது. அதனால் சரிவில் மண்ணை மொத்தமாகக் கொத்திவிடாதீர்கள். புல் இருக்கட்டும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 1 மீட்டர் அகலப் பாத்திகளாக மட்டும் வெட்டுங்கள். பாத்தியின் கீழ் ஓரத்தில் கல்லோ பழைய செங்கல்லோ அடுக்கி, அதை ஒட்டி எலுமிச்சம்புல் நட்டுவிட்டால் அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் ஓடிவரும் தாரை எதுவென்று ஒரு பெருமழையில் நின்று பார்த்து, அந்தத் தாரையை விட்டு விலகிப் பாத்தி போடுங்கள்.

மண்ணுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது குழிப்பாத்தி. இது இந்த நாட்டில் ஏழை எளியவர்கள் வரை தெரிந்த முறை. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், முழங்கால் ஆழம் தோண்டுங்கள். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் தனியாகக் குவியுங்கள். அடியில் அட்டைப்பெட்டி, காய்ந்த குச்சி; அதன்மேல் காய்கறிக் கழிவு, டீத்தூள், வெட்டிய புல், இலைதழை; நடு நடுவே கொஞ்சம் மண், கொஞ்சம் எரு. கடைசியில் மேல்மண்ணை எருவோடு கலந்து மேலே போட்டால் தரையைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அது அமுங்கிவிடும். அடியில் கிடக்கும் கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மக்கிச் செடிக்கு உரமாகும். தனியாகக் கம்போஸ்ட் குவியல் போட்டால் எலி வரும், வீட்டுக்காரரும் முகம் சுளிப்பார். இதில் இரண்டு தொல்லையும் இல்லை. சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன் முள் மட்டும் போட வேண்டாம்.

எருவுக்கு நர்சரியில் 'கிரால் எரு' என்று மூட்டையில் கிடைப்பது மாட்டுத் தொழுவ எருதான். முழுதாக மக்கியிருக்கிறதா என்று மோந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் இன்னும் ஒரு மாதம் ஓரமாகக் கிடக்கட்டும். கோழி எரு வலுவானது. நடுவதற்குச் சில வாரம் முன்பே மண்ணில் கலந்து தண்ணீர் விட வேண்டும், பச்சையாக வேரோரம் போட்டால் செடி கருகும்.

டர்பன் மேடுகளில் பல இடங்களில் 'பெரியா' (Berea) என்று சொல்லும் சிவப்பு மணல். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. உள்ளே தள்ளிப் போனால் கெட்டிக் களி. இரண்டுக்குமே மருந்து மக்கும் பொருள்தான். மழை அதிகமுள்ள இந்தக் கரையோர மண் பெரும்பாலும் புளிப்பு மண்ணும்கூட. ஒரு பாத்திக்குச் சோதனை தேவையில்லை. கொல்லை முழுக்கப் பயிரிடும் எண்ணம் இருந்தால், செடாராவில் இருக்கும் மாகாண வேளாண் துறைச் சோதனைக்கூடத்தில் மண்ணைக் கொடுத்து, எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். குத்துமதிப்பாகச் சுண்ணாம்பைக் கொட்டுவதைவிடக் கொட்டாமல் இருப்பது மேல்.

உங்கள் புல்தரை கிக்குயு புல் என்றால் பாத்திக்குள் இருக்கும் வேர்த் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்ப வரும். கோரையும் அப்படித்தான். மண்ணை வெறுமையாக விடாமல் வெட்டிய புல்லைக் காயவைத்து மூடாக்குப் போடுங்கள். டோங்காட், வெருலம் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் கரும்புச் சோகை ஒரு வண்டி கேட்டு வாங்கலாம், அதைவிட நல்ல மூடாக்கு கிடையாது.

தண்ணீர்க் கட்டணமும் குழாயில் தண்ணீர் வராமல் போவதும் இங்கே வழக்கம். 2022 வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லிட்டர், சிந்தியது போக. ஜோஜோ டேங்க் என்னும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைக்க வாடகை வீட்டில் யோசனையாக இருந்தால் 200 லிட்டர் டிரம் இரண்டு போதும். கொசு நுழையாதபடி வலை கட்டிவிடுங்கள். கோடையில் தினமும் மேலாக்கத் தெளிப்பதைவிட, விரலை விட்டுப் பார்த்து இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் நன்றாக ஊற விடுவது நல்லது. இலையை நனைக்காமல் வேருக்கு விடுங்கள், காலையில்.

ஊர் விதைக்கு வருகிறேன். பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள், தபாலிலும் வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவது இந்த நாட்டுச் சட்டப்படி தவறு. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்பது மட்டுமில்லை. விதையோடு ஒட்டி வரும் கிருமிக்கு இங்கே எதிரி இல்லாமல் போகலாம். அவசியமும் இல்லை. நூற்றறுபது வருஷமாக நம் காய்களை இங்கே பயிரிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெண்டை, பாகல், சுரை, கொத்தமல்லி எல்லாம் இங்கேயே விதைப் பாக்கெட்டில் கிடைக்கும். கிடைக்காததற்கு வார்விக் காலைச் சந்தைக்குப் போங்கள். முற்றிய பாகல், முற்றிய பீர்க்கு, கறிவேப்பிலைக் கன்று எல்லாம் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். அதைவிடச் சுலபம், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேட்பது. கொடியில் விட்ட ஒரு காய் அவரிடம் நிச்சயம் இருக்கும்.

கொடிக் காய்களில் பூ நிறையவும் பிஞ்சு குறைவாகவும் இருந்தால் உரத்தைக் கூட்டாதீர்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ, அது இயல்பு. பெண்பூவும் வந்து, பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பூசணியும் பாகலும் காலையில் மலரும். அந்த நேரத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் விரியும். வேலை முடிந்து வந்து செய்ய வசதி. காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பூச்சியே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

பழ ஈக்கு மருந்து தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் செய்தித்தாள் பையோ பழைய வேட்டித் துணியோ கட்டிவிடுங்கள். குத்துப்பட்டு வளைந்த காயை அங்கேயே விடாதீர்கள், குழிப்பாத்தியிலும் போடாதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும். அசுவினிக்குச் சோப்புத் தண்ணீர், நத்தைக்கு இரவில் டார்ச், நாற்றை அறுக்கும் புழுவுக்கு டாய்லெட் ரோல் அட்டையை வளையமாக நாற்றைச் சுற்றி மண்ணில் செருகுவது. இவ்வளவு போதும்.

குரங்கு வேறு விஷயம். இந்த வெர்வெட் குரங்குகள் நமக்கு முன்பே இந்த மேட்டில் இருந்தவை. காற்றுத் துப்பாக்கியால் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1962 விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி துன்புறுத்துவது குற்றம், பலனும் கிடையாது. பொம்மைப் பாம்பு இரண்டு நாளைக்கு. பயிரைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. மிளகாய், பாகல், இஞ்சி, மஞ்சள், கறிவேப்பிலை, சேம்பு இவற்றை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. சோளம், பட்டாணி, தக்காளி, பப்பாளி போட்டால் வலைக்கூண்டுக்குள் போடுங்கள். மேலேயும் மூடிய கூண்டு. தக்காளியை நிறம் திரும்பியதுமே பறித்துச் சமையலறையில் பழுக்க வையுங்கள். குப்பைத் தொட்டியைப் பூட்டாமல் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு மட்டும் காவல் போடுவதில் அர்த்தமில்லை. ஹடீடா பறவைகள் பாத்தியைக் கிளறுவதைப் பார்த்துத் துரத்தாதீர்கள், அவை தின்பது புழுவைத்தான். நாற்று சின்னதாக இருக்கும்வரை மேலே முள்குச்சி பரப்பினால் போதும்.

சேம்பு என்றேன். இங்கே அமடும்பே என்பார்கள், நம் வீடுகளில் மடும்பி. டர்பன் மண்ணுக்கு இதைவிடச் சோம்பேறிப் பயிர் கிடையாது. சந்தையில் சமையலுக்கு வாங்கும் கிழங்கில் முளை விட்ட நாலைந்தை இப்போதே ஈரமான மூலையில் ஊன்றிவிடுங்கள். மழை பார்த்துக்கொள்ளும். மார்ச், ஏப்ரலில் இலை மஞ்சளாகிச் சாயும்போது தோண்டலாம். தோண்டும்போது கை அரித்தால் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முளைக்கீரையை விதைக்கவே தேவையில்லை. எரு போட்ட பாத்தியில் தானாக வரும், ஜூலு அம்மாமார் இம்ஃபினோ என்று பறித்துச் சமைப்பதில் அதுவும் ஒன்று.

நீங்கள் வந்து ஒரு புரட்டாசிதான் ஆகியிருக்கும். அந்த மாதம் டர்பனில் பல தமிழ் வீடுகள் கறியை நிறுத்திவிடும். கடையில் பீன்ஸ், டபுள் பீன்ஸ், கத்திரி விலை எகிறும். அதனால் இங்கே தெரிந்தவர்கள் தோட்டத்தைப் புரட்டாசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். பட்டாணியும் முட்டைக்கோஸும் ஜூனில், பீன்ஸ் ஜூலைக் கடைசியில், கீரை ஆகஸ்டில். இந்த வருஷம் உங்களுக்குக் கீரை மட்டும்தான் கைக்கு எட்டும், அதையாவது இன்றே தூவுங்கள். தீபாவளிக்கு மாலை கட்டும் செண்டுமல்லி நாற்றும் இந்த வாரமே பாத்தி ஓரங்களில் நட்டுவிடுங்கள். பூ ஒரு லாபம். மணல் மண்ணில் வெண்டை, தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாக வரவைக்கும் நூற்புழுவை அந்தச் செடியின் வேர் மட்டுப்படுத்தும். அடுத்த கோடையில் வெண்டையை அந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

வாடகை வீடு என்பதால் கறிவேப்பிலையைப் பெரிய தொட்டியில் வையுங்கள், போகும்போது கூடவே வரட்டும். ஜூலையில் இலை கொட்டினால் பயப்படாதீர்கள், செப்டம்பரில் நுனியை வெட்டினால் தழைக்கும். முருங்கைக் குச்சியை வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு ஊன்றுங்கள், வருஷா வருஷம் தோள் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும்.

அக்காவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஜோஹன்னஸ்பர்க் 1700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளிர்காலத்தில் உறைபனி உண்டு. அங்கே வெண்டை, பாகல், சுரை எல்லாம் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பருக்குள் விதைத்துவிட வேண்டும், ஏப்ரலோடு கதை முடியும். தக்காளிக்கு அங்கே கோடைதான் காலம். பெரிய புழுக்கம் இல்லாததால் டர்பனைவிட நன்றாகவே வரும். முருங்கையும் கறிவேப்பிலையும் தொட்டியில் இருந்து, மே மாதம் வீட்டுக்குள் அல்லது வடக்குச் சுவரோரம் போக வேண்டும். கோடை மாலைகளில் இடியோடு ஆலங்கட்டி விழும், பத்து நிமிஷத்தில் பூசணி இலை அத்தனையும் கந்தலாகிவிடும். நவம்பருக்குள் பாத்திக்கு மேல் 20 சதவீத நிழல்வலையைச் சற்றுச் சாய்வாகக் கட்டிவிடச் சொல்லுங்கள்; தட்டையாகக் கட்டினால் ஆலங்கட்டி மேலே தேங்கி, பாரம் தாங்காமல் வலை கிழியும்.